பனித்தரையில் ஒரு சிநேகம்

ஆடித் தபசு என்றால் தென்பாண்டிச் சீமையில் யாருக்கும் சங்கரன்கோவில்தான் ஞாபகத்துக்கு வரும். பன்னிரண்டு நாளும் ஊர் கொள்ளாத கூட்டம். புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வோர் ஒரு பக்கம். நாகசுனைப் படியில் நிற்போர் ஒரு பக்கம். கோமதி அம்மனை நினைத்து ஆடிச்சுற்றுச் சுற்றுவோர் ஒரு பக்கம்.

இவ்வளவு பெரிய திருவிழாவுக்கு மூலகாரணம் என்ன? இரண்டு பேருக்குள் நடந்த வாக்குவாதம்! சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவபக்தன், மற்றவன் திருமால் அடியான். "என் தெய்வமே பெரிது" என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். வழக்கு அம்பிகையிடம் போயிற்று. அம்பிகை புன்னைவனத்தில் தவம் இருந்தாள். வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக, ஒரே திருமேனியில் சங்கரநாராயணராக இறைவன் காட்சி தந்தான். இது தலபுராணம்.

இந்தக் கதையை ஒவ்வோர் ஆடியிலும் கேட்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. தீர்ப்பு கிடைத்த பிறகு சங்கன் பதுமனாக மாறிவிடவில்லை. பதுமனும் சங்கனாக மாறிவிடவில்லை. அவரவர் மனம் அவரவருக்கே இருந்தது. இருவருக்கும் ஒரே சந்நிதியில் இடமும் இருந்தது. "நீ என்னைப் போல் ஆனால்தான் என் பக்கத்தில் நிற்கலாம்" என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஆனால் கல்லூரி விளையாட்டு மைதானத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கு நடுவே

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டி, வடகிழக்கே சிவகாசி. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே மட்டை பிடிப்பார்கள். சிவகாசி பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் மட்டும் பேர் போனதல்ல. தமிழ்ச் சித்திரக் கதைகளுக்கும் அதுதான் தலைநகரம். 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸை, பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

ஹாக்கியும் தெரியும், சித்திரக் கதையும் தெரியும் என்கிற இந்த வட்டாரத்து வாலிபர்களுக்கு, இரண்டையும் முடிச்சுப் போட்ட ஓர் அமெரிக்கப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வது பொருத்தமாக இருக்கும். 'செக், ப்ளீஸ்!' என்பது அதன் பெயர்.

இதை எழுதிச் சித்திரமும் தீட்டியவர் என்கோஸி உகாஸு என்ற பெண்மணி. நைஜீரிய வம்சத்தவர், டெக்ஸாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர், யேல் சர்வகலாசாலையில் படித்தவர். ஐஸ் ஹாக்கி ஆடியவர் அல்லர். படிப்பின் கடைசி வருஷத்தில் ஒரு ஹாக்கி ஆட்டக்காரனைப் பற்றித் திரைக்கதை எழுத முற்பட்டார். அதற்காக ஆட்டத்தை ஆராயப் போனவர், ஆட்டத்திலேயே மோகம் கொண்டுவிட்டார். அந்த 2013-ம் ஆண்டில்தான் யேல் கோஷ்டி அகில அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கிப் பட்டத்தை வென்றது. அதே ஆண்டில் உகாஸு தம் கதையைத் தொடங்கி, இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு வந்தார். வாசகர்களே பணம் திரட்டிப் புத்தகமாக அச்சிட வைத்தார்கள். 2017-ல் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் டாலர் சேர்ந்தது! பிறகு பெரிய பதிப்பகம் ஒன்று 2018-லும் 2020-லும் இரண்டு பாகங்களாக அதைக் கடைகளுக்குக் கொண்டு வந்தது.

இவ்வளவு பேர் விரும்பிப் படிக்கும்படி அந்தக் கதையில் என்னதான் இருக்கிறது?

மோதலுக்கு அஞ்சியவன்

நம் ஊர் ஹாக்கி தரையில் ஆடுவது. குளிர் தேசங்களில், எஃகுத் தகடு பொருத்திய பூட்ஸை மாட்டிக்கொண்டு, உறைந்த பனித்தரையில் வழுக்கிச் சென்று ஆடுவது ஐஸ் ஹாக்கி. பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வில்லை. வில்லையைக் கொண்டு வருபவனை எதிரி தோளாலும் இடுப்பாலும் மோதித் தள்ளலாம். விதியே அதற்கு இடம் தருகிறது. அந்த மோதலுக்குத்தான் 'செக்' என்று பெயர். அமெரிக்க ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில் கேட்பவர்களும் 'செக், ப்ளீஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆகவே தலைப்பில் ஒரு சிலேடை இருக்கிறது.

கதாநாயகன் எரிக் பிட்டில். சகாக்கள் வைத்த செல்லப் பெயர் பிட்டி. ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர்ப் பையன். தந்தை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். பையனோ சிறு உருவம். இசைக்கேற்பப் பனியில் நடனமாடும் சறுக்காட்டத்தில் பரிசு வாங்கியவன். பழம் வைத்த 'பை' என்னும் பலகாரம் சுடுவதில் கைதேர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளானவன். அவன் மனத்தில் ஓர் இரகசியம் இருக்கிறது. அவன் மனம் பெண்களை நாடவில்லை, ஆண்களையே நாடுகிறது. இதை இன்று தன்பாலீர்ப்பு என்கிறார்கள். இவர்களையும், வழக்கமான வகுப்புக்குள் அடங்காத பிறரையும் சேர்த்துச் சொல்லப் 'பால்புதுமையர்' என்ற சொல்லும் வழக்குக்கு வந்துவிட்டது.

சாம்வெல் என்கிற கற்பனைக் கல்லூரியில் ஹாக்கி உதவித்தொகை கிடைத்து இவன் சேர்கிறான். பனியில் இவனைப் போல் வேகமாகப் போக ஆளில்லை. ஆனால் யாராவது மோத வந்தால் உடம்பெல்லாம் நடுங்கிச் சுருண்டுவிடுகிறான். மோதல் இல்லாத ஆட்டமே ஆடிப் பழகியவன் அவன். அடிக்கு அஞ்சுகிறவன் ஹாக்கி ஆடுவது எப்படி?

கோஷ்டியின் காப்டன் ஜாக் ஸிம்மர்மன். பிரசித்தி பெற்ற ஆட்டக்காரரின் மகன். தகப்பன் பெயரே அவனுக்குப் பெரிய பாரம். அந்தப் பாரம் தாங்காமல் மனம் நொந்து ஒரு முறை உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய் மீண்டவன். சிரிக்கத் தெரியாத சிடுமூஞ்சி. இவன் பிட்டியின் பயத்தைப் பார்க்கிறான். இருட்டுப் பிரியாத நேரத்தில் அவனை எழுப்பிப் பனித்தரைக்கு அழைத்துப் போகிறான். மெல்ல மோதுகிறான், விழ வைக்கிறான், எழுப்புகிறான், மறுபடி மோதுகிறான். இப்படியே நாள் நாளாக. அன்பொழுகப் பேசி அல்ல, சிடுசிடுத்துக்கொண்டேதான். ஒரு நாள் பிட்டி மோதலைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறான்.

பின்னால் பிட்டி தன் இரகசியத்தை முதன்முதலாக நைட் என்ற சகாவிடம் சொல்கிறான். சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. நைட் திடுக்கிடவில்லை, உபதேசம் செய்யவில்லை, விலகி உட்காரவும் இல்லை. நேற்று எப்படி இருந்தானோ அப்படியே இன்றும் இருக்கிறான். கதை வளர்ந்து, ஜாக்குக்கும் பிட்டிக்கும் இடையே காதலாகக் கனிகிறது. கடைசி வருஷத்தில் பிட்டியையே சகாக்கள் காப்டனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எது உயர்ந்த கட்டம்?

அமெரிக்க வாசகர்களில் பலருக்கு அந்தக் காதல் கட்டமே பிடித்திருக்கும். ஆனால் இந்தக் கதையின் உயர்ந்த கட்டம் அந்த விடியற்காலைப் பயிற்சிதான். அப்போது ஜாக்குக்குப் பிட்டியின் இரகசியம் தெரியாது. அவன் துருவிக் கேட்கவும் இல்லை. ஒரு சகா பயப்படுகிறான். அவன் பயம் நீங்க வேண்டும். அதற்குத் தன் தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கணக்கு. சிநேகம் என்பது இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

"கல்லூரிக்குப் படிக்க அனுப்பிய பிள்ளைக்கு இந்த மாதிரிக் கதையெல்லாம் தேவையா?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புத்தகத்தில் குறைகளும் உண்டு. வாலிபர்களின் கொச்சைப் பேச்சும் குடியும் அதில் வருகின்றன. சிறு குழந்தைகள் கையில் கொடுக்கத்தக்கதல்ல. கல்லூரியையும் கோஷ்டியையும் சர்க்கரைப் பாகில் தோய்த்துக் காட்டியிருக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அத்தகைய மனம் படைத்த பிள்ளையைப் புத்தகம் உண்டாக்குவதில்லை. புத்தகத்தைக் கண்ணால் பார்க்காத ஹாஸ்டலிலும் அவன் இருக்கிறான். அவன் வாய் திறக்காமல் இருப்பதால், அப்படி ஒருவன் இல்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கதை அவனுக்குச் சொல்லும் பாடத்தைவிட, அவன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனுக்குச் சொல்லும் பாடமே முக்கியமானது.

இரண்டு வீராங்கனைகள்

சித்திரக் கதையில் எல்லாம் சுபமாக முடிந்துவிடும். நிஜ மைதானத்தில்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைக் கூலித் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களுக்குள் பால் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஒளிவுமறைவாக வைத்திருக்க வேண்டிய மருத்துவ விஷயம் ஊரெல்லாம் பேச்சாயிற்று. அவர் எந்த விதியையும் மீறவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். ஆனாலும் அவருக்காக வழக்காட விளையாட்டுச் சங்கங்கள் முன்வரவில்லை. மனம் உடைந்து உயிரை விடவும் துணிந்தார். தப்பிப் பிழைத்தவர், மறுபடியும் செங்கற்சூளை வேலைக்கே போக நேர்ந்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. இடையில் கழிந்தது பத்து வருஷம்!

ஒரிஸாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்துக்கும் 2014-ல் இதே சோதனை வந்தது. உடலில் சுரக்கும் ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி ஓடவிடாமல் தடுத்தார்கள். ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் ஆள் இருந்தது. பயோஷ்ணி மித்ரா என்ற ஆராய்ச்சியாளர் துணை நின்றார். இந்திய விளையாட்டு ஆணையமும் கை கொடுத்தது. ஸ்விட்ஸர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு வழக்குப் போயிற்று. 2015 ஜூலையில் தடையை நிறுத்தி வைத்துத் தீர்ப்பு வந்தது. டூட்டி மறுபடி ஓடினார்.

2019 மே மாதம் அவர் இன்னொன்றைப் பகிரங்கமாகச் சொன்னார். தம் மனம் ஒரு பெண்ணிடம் இருக்கிறது என்றார். வீட்டுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டே மாதத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில், 100 மீட்டர் ஓட்டத்தை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர் புவனேசுவரத்துக் கல்லூரி மாணவியாக! பின்னாளில் 2023-ல் ஊக்கமருந்து விதியை மீறியதற்காக அவருக்குத் தடை விதிக்கப்பட்டது உண்மை. அது ஆட்டத்தின் விதி. யார் மீறினாலும் தண்டனை உண்டு. யாரிடம் மனம் வைக்கிறோம் என்பது ஆட்டத்தின் விதி அல்லவே!

சாந்தியின் வழக்கு உடற்கூறு பற்றியது. பிட்டியின் கதை மனம் பற்றியது. டூட்டி இரண்டையும் சந்தித்தவர். இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. ஆனால் மூன்று பேரையும் பார்த்து மைதானம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீ எங்களைப் போல்தானா?" 2006-க்கும் 2014-க்கும் உள்ள வித்தியாசம், ஒருவர் தனியாக நின்றார், மற்றவர் பக்கத்தில் ஆள் நின்றது என்பதே.

சட்டம் செய்ததும் செய்யாததும்

2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு, ஒரே பாலினர் என்பதற்காகக் குற்றமாகாது என்று அறிவித்தது. 'செக், ப்ளீஸ்!' புத்தகம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததும் அதே செப்டம்பரில்தான்.

2021 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இவர்களுடைய பாதுகாப்புக்காகப் போலீசாருக்கும் கல்வித் துறைக்கும் பல கட்டளைகள் பிறப்பித்தார். இந்த விஷயத்தைத் தாமே புரிந்துகொள்ள ஒரு மனநல நிபுணரிடம் பாடம் கேட்டதாக அந்த நீதிபதி ஒளிக்காமல் சொன்னது, பெரிய மனிதருக்குரிய அடக்கம். அந்த வழக்கின் பயனாக, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை செய்யும் டாக்டர்களின் செயல் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் அதே ஆண்டு கூறியது. கலியாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவது கோர்ட்டின் வேலையல்ல என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ஒதுங்கிக்கொண்டது. ஆகவே வழி முழுவதும் திறந்துவிடவில்லை.

கல்லூரிகளுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ராக்கிங் தடுப்பு விதிகளைத் திருத்தியது. சாதி, மதம், நிறம், மொழி ஆகியவற்றைக் காரணம் காட்டித் துன்புறுத்துவது எப்படி ராக்கிங் ஆகுமோ, அப்படியே ஒருவருடைய பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டித் துன்புறுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ராக்கிங்தான். எத்தனை தேகப் பயிற்சி ஆசிரியர்களுக்கு இந்த விதி தெரியும்?

சட்டம் போலீஸ் பயத்தைப் போக்கும். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஒரு சகாவைத் தர அதனால் முடியாது. அதை மனிதர்கள்தான் தர வேண்டும்.

வளையலும் வசவும்

கோல் தவறினால், "கையில் வளையல் மாட்டிக்கொள்ளடா!" என்கிறார்கள். பந்துக்கு அஞ்சினால் "பொட்டை" என்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். உசுப்பிவிட்டால் நன்றாக ஆடுவான் என்ற எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். வசவு வாங்கியவன் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறான். ஆனால் அதே வரிசையில் நாலாவதாக நிற்பவன் மறப்பதில்லை. அவனைப் பார்த்து யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் அடி பட்டது அவன்மேல்தான். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரமாட்டான். "நல்ல ஆட்டக்காரன், ஏனோ விட்டுவிட்டான்" என்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கோஷ்டிக்கு நஷ்டம், அவனுக்கு அதைவிட நஷ்டம்.

இதைத் திருத்தப் பெரிய பணம் வேண்டாம்; கமிட்டி வேண்டாம். பயிற்சியாளர் அந்த இரண்டு வசவுகளை விட்டாலே பாதி வேலை முடிந்தது. தப்பாக ஆடினால், "கால் தப்பு, மட்டை தப்பு" என்று தப்பைச் சொல்லித் திட்டட்டும். அதில் ஆட்டமும் தேறும்.

காப்டன் செய்ய வேண்டியது, யாரையும் ஒதுக்கி உட்கார விடாமல் பார்த்துக்கொள்வது. சிநேகிதன் செய்ய வேண்டியதோ அதைவிடச் சுலபம். ஒருவன் நம்பி ஒன்றைச் சொன்னால், அது அவனுக்குச் சொன்னது, ஊருக்குச் சொன்னதல்ல. சாந்தியின் விஷயத்தில் ஊர் வாய் செய்த கேட்டை நினைத்தால், வாயைக் கட்டுவது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது விளங்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கோப்பையோடு வரும் பிள்ளையைத் தெருவே திரண்டு வரவேற்கிறது. மனத்தில் பாரத்தோடு வரும் பிள்ளைக்கு வாசற்கதவு மட்டுமாவது திறந்திருக்கட்டும். இரண்டும் ஒரே பிள்ளைதான்.

கற்பனையில் நடப்பது நிஜத்தில் நடக்குமா? 2021 ஜூலையில் லூக் ப்ரோகாப் என்ற கனடா வாலிபர், தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்று அறிவித்தார். அமெரிக்காவின் தலைசிறந்த தொழில்முறை ஐஸ் ஹாக்கிச் சங்கத்தின் கோஷ்டி ஒன்றோடு ஒப்பந்தம் செய்திருந்த ஆட்டக்காரர்களில் அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவரே. உகாஸு கதை தொடங்கி எட்டு வருஷம் கழித்து இது நடந்தது. ஒப்பந்தம் ரத்தாகவில்லை, அவருடைய கோஷ்டி அவரைப் பாராட்டியது.

சங்கரன்கோவில் வட்டாரத்திலும் கோவில்பட்டியிலும் விடியுமுன்னே பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். கூட்டமாக ஓடுகிறவர்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். நாளைக் காலையில் அவன் பக்கத்தில் போய் ஓடுங்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை.